பழைய லேண்ட்மாஸ்டர் வாங்கப் போகிறீர்களா?

"மாமா, கையில மூணு இலட்சம் இருக்கு. ஒரு மிசின் எடுக்கலாமா?"

2024 ஜூலையில் ஒரு நாள் இரவு, நான் கடையைப் பூட்டிக் கொண்டிருந்த நேரம் என் தங்கையின் மகன் வந்து கேட்ட கேள்வி இது. அந்த மூன்று இலட்சத்தில் பாதி அவன் கட்டாரில் இரண்டு வருடம் வெயிலில் நின்று மிச்சம் பிடித்தது. மறு பாதி அவனுடைய உம்மாவின் காப்பு இரண்டு. அதை விற்ற கதையை எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். தங்கையின் கையைப் பார்த்துத்தான் நான் விளங்கிக் கொண்டேன்.

புதிய மிசின் ஒன்றின் விலை அவனிடம் இருந்த காசுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. லீசிங் எடுத்தால் வட்டி. அதை அவனுடைய உம்மா வீட்டுப் படி ஏற விடமாட்டார். வட்டியில்லாத வங்கி வசதி பற்றி விசாரித்தோம். நிரந்தரச் சம்பளமுள்ள இரண்டு பிணையாளிகளைக் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கடை வைத்திருப்பவர்களும் வயல் செய்பவர்களும்தான் உண்டு, சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் இல்லை. ஆக மிச்சமிருந்தது பழைய மிசின்தான்.

இந்தப் பக்கத்தில் நான் பெரும்பாலும் கடை, கணக்கு, கடன் என்றே எழுதி வருகிறேன். இந்த வாரம் கிரீஸ் பிடித்த விடயம் ஒன்றை எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் வெள்ளத்தில் நாடு முழுவதும் எத்தனையோ இயந்திரங்கள் தண்ணீருக்குள் கிடந்தன. அவற்றில் ஒரு பகுதி கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து விற்பனைக்கு வரும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் எங்கள் கரையோர ஊர்களில் இதுதான் நடந்தது. கடல் தண்ணீர் குடித்த மிசின்களை மலிவென்று வாங்கியவர்கள் வருடக் கணக்கில் பெரிங் மாற்றிக் கொண்டே இருந்தார்கள்.

லேண்ட்மாஸ்டர் என்றால் நமக்கு இரண்டு சில்லு உழவு இயந்திரம். கம்பனியின் பெயர் எதுவாக இருந்தாலும் ஊரில் அதற்கு அந்தப் பெயர்தான். உண்மையில் அது பிரித்தானியாவின் நொட்டிங்ஹாம் பக்கத்தில் தயாரான ஒரு இயந்திரத்தின் பெயர். 1950களில் அதை நமது வயலுக்கு ஏற்றதாக உருவாக்கியதில் பெரும் பங்கு நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தனவுடையது. 1924இல் பிறந்து 2010இல் காலமான அவர், பிற்காலத்தில் தன் கைவேலையையே கேள்வி கேட்டவர். விவசாயத்தை முன்னேற்றினோமா அல்லது எருமைக்குப் பதிலாக ஒரு என்ஜினைப் பூட்டினோமா என்பதுதான் அவர் யோசனை. எருமை பால் தரும், எரு தரும், கன்றும் போடும். மிசின் டீசல் மட்டும் குடிக்கும். என் வாப்பா படித்தவரல்ல, ஆனால் முதல் மிசின் எங்கள் வட்டைக்குள் இறங்கியபோது ஏறத்தாழ இதையேதான் சொன்னார்.

அந்தப் பிரித்தானிய மிசின்களை இப்போது வயலில் காண்பது அரிது. அதன் பிறகு ஜப்பான் மிசின்கள் வந்தன, சீன மிசின்கள் வந்தன. எங்கள் பக்கத்தில் பழைய மிசின் தேடிப் போகிறவர் கையில் அதிகம் அகப்படுவது எஸ் 195 என்ஜின் பூட்டிய சீன மிசின். அந்த இலக்கத்தில் 1 என்பது ஒரு சிலிண்டர், 95 என்பது அதன் விட்டம் மில்லிமீற்றரில். 12 குதிரை வலு. முன்னுக்கு ஆறு கியர், பின்னுக்கு இரண்டு. அழகு இல்லை, சத்தம் அதிகம். ஆனால் சாதாரண ஸ்பெனர் தொகுதியும் ஒரு லேத் பட்டறையும் உள்ள எந்த ஊரிலும் அதைக் கழற்றிப் பூட்டலாம். பழையது வாங்குகிறவனுக்கு இந்த ஒரு குணம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. உதிரிப்பாகம் கிடைக்காத அருமையான மிசின் முற்றத்து அலங்காரத்துக்குத்தான் உதவும்.

மருமகனைக் கூட்டிக் கொண்டு மிசின் பார்க்கப் போவதற்கு முன் என் சொந்த முட்டாள்தனத்தை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். 2011இல் வயல் வேலைக்கென்று நான் ஒரு மிசின் வாங்கினேன். சிவப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் போய் இறங்கும் போதே ஸ்டார்ட் ஆகி நின்றது. ஹெண்டிலைத் தொட்டேன், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், விலை பேசினேன், காசைக் கொடுத்தேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் சேற்று உழவில் தண்ணீர்த் தொட்டி குமிழியிட்டுக் கொதித்தது. தலையைக் கழற்றியபோது இரண்டு வால்வுக்கும் நடுவில் வெடிப்பு. யாரோ தண்ணீர் வற்ற விட்டு ஓட்டி, பிறகு சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். பிளொக்கின் வெளிப்புறத்திலும் ஒரு கீறல். அதைப் பசையால் அடைத்து மேலே அந்தச் சிவப்புப் பெயின்டைப் பூசியிருந்தார்கள். அந்தப் போகத்தில் என் வயலுக்கு நானே கூலி மிசின் பிடித்தேன்.

அதைத் திருப்பி விற்கும் போது என் நண்பர்கள் சிலர், "உங்களுக்கு எப்படி வந்ததோ அப்படியே தள்ளி விடுங்க காக்கா" என்றார்கள். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாது என்பதைக் கடைக்காரனான எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், இரண்டு இரவு யோசித்தேன். கடைசியில் வாங்க வந்தவருக்கு வெடிப்பைக் காட்டிக் கொடுத்து, நாற்பதாயிரம் ரூபா குறைத்து விற்றேன். அவர் என்ஜினைக் கழித்து விட்டு கியர் பெட்டிக்காக எடுத்தார். அந்த நாற்பதாயிரத்தை நான் கல்விச் செலவில் எழுதி வைத்திருக்கிறேன். எனவே மருமகனுக்கு நான் போட்ட முதல் நிபந்தனை, புதுப் பெயின்ட் அடித்த மிசினை நாம் பார்க்கவே போவதில்லை என்பதுதான்.

ஏழு மிசின் பார்த்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் காலையில், சொல்லாமல் போனோம். போனவுடன் என்ஜினில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் எத்தனை சுற்றில் எழும்புகிறது என்பதுதான் நாம் அறிய வேண்டியது. சூடான என்ஜின் எல்லாம் நல்ல பிள்ளைதான்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அமுக்கத்தை விடுவிக்கும் சிறு நெம்பைத் தொடாமல் ஹெண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை கை நன்றாகக் கனக்க வேண்டும். கனத்த இடத்தில் பிடித்து வைத்தால் என்ஜின் திருப்பித் தள்ள வேண்டும். அந்த இடத்தில் புஸ் என்று காற்று இறங்கி ஹெண்டில் இலகுவாகி விட்டால் ரிங்கோ லைனரோ வால்வோ தேய்ந்திருக்கிறது.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. இந்த இடத்தில்தான் கார், வான் பழக்கமுள்ளவர்கள் ஏமாறுகிறார்கள். இந்த வகை என்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதால்தான் என்ஜின் குளிர்கிறது. வேலை செய்யும் போது ஆவி பறப்பது குற்றமல்ல. தண்ணீர் மட்டத்தைக் காட்டும் சிவப்பு மிதவை இறங்க இறங்க நாம் ஊற்றிக் கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஸ்டார்ட் பண்ணிய முதல் நிமிடத்தில், தண்ணீர் இன்னும் குளிராக இருக்கும் போதே குமிழி வந்தால் அது கொதிப்பல்ல. சிலிண்டருக்குள்ளிருந்து காற்று தண்ணீருக்குள் புகுகிறது. கெஸ்கட் போயிருக்கிறது, அல்லது என்னுடையதைப் போலத் தலை வெடித்திருக்கிறது. 2011இல் நான் தொட்டி மூடிக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

ஒயில் அளவு கோலை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. லைனரின் அடியில் உள்ள இறப்பர் வளையங்கள் பழுதாகித் தண்ணீர் இறங்கினாலும் இப்படி வரும், வெள்ளத்தில் கிடந்தாலும் இப்படி வரும். புகையையும் பாருங்கள். பாரம் கொடுக்கும் போது சற்றுக் கறுப்பது இயல்பு. சூடான பிறகும் நீலமாக வந்து கொண்டேயிருந்தால் ஒயில் எரிகிறது, ரிங் செலவு உங்களுக்கு வரப் போகிறது. என்ஜின் ஓடும் போது தலையின் மேலுள்ள சிறிய சிவப்பு ஒயில் காட்டி மேலே எழும்பி நிற்க வேண்டும். எழும்பாவிட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், விலை பேசத் தேவையில்லை.

கியர் பெட்டியை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். எட்டு கியரையும் போட்டு ஓட்டுங்கள். பாரத்தில் கியர் தானாகக் கழன்று வந்தால் உள்ளே பல்லோ முள்ளோ தேய்ந்திருக்கிறது. என்ஜினுக்குச் சாமான் எங்கும் கிடைக்கும், கியர் பெட்டிக்குத் தேட வேண்டியிருக்கும். அதனால் நல்ல என்ஜினும் கெட்ட கியர் பெட்டியும் உள்ள மிசினை விட, கெட்ட என்ஜினும் நல்ல கியர் பெட்டியும் உள்ள மிசினுக்கே நான் காசு கொடுப்பேன்.

வெள்ளத்தில் கிடந்ததா என்பதை அறியப் பெல்ட் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே எவ்வளவு கழுவினாலும் அங்கே சேற்றுக் கோடு காய்ந்து நிற்கும். கியர் ஒயிலும் வெளிறியிருக்கும், டீசல் தாங்கியின் அடியில் துரு இருக்கும். உங்களுடைய சொந்த மிசின் வெள்ளத்தில் அகப்பட்டிருந்தால் இன்னொரு விடயம். தண்ணீர் வடிந்தவுடன் ஆசையில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது காற்றைப் போல அமுங்காது, கொனெக்டிங் ரொட் வளைந்து விடும். முதலில் நொசிலைக் கழற்றி, ஹெண்டிலால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். டீசல், என்ஜின் ஒயில், கியர் ஒயில் மூன்றையும் இறக்கிப் புதிதாக ஊற்றிய பிறகுதான் மற்றது.

இனிக் கடதாசி. மூன்றாவதாகப் பார்த்த மிசின் எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது, விலையும் குறைவு. பதிவுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர் நிற்கிறது. "அது எப்பவோ கட்டி முடிஞ்சு" என்றார் விற்பவர். முடிந்திருந்தால் கம்பனியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் எடுத்துத் தாருங்கள், மறு நாளே காசு தருகிறோம் என்று சொல்லி விட்டு வந்தோம். அவர் அழைக்கவே இல்லை. இன்னொரு இடத்தில் ஓப்பன் பேப்பர். சான்றிதழில் உள்ளவர் யாரென்றே விற்பவருக்குத் தெரியாது, கையெழுத்து மட்டும் இருக்கிறது. அந்த ஆள் மௌத்தாகியிருந்தால் உரிமையை மாற்ற அவருடைய வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். செஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் துணியால் துடைத்து, சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய மிசின்களில் என்ஜின் மாறியிருப்பது சகஜம். மாறியது குற்றமல்ல, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதியாமல் விட்டதுதான் பிறகு தலையிடி. ஓட்டுபவருக்கு ஜி 1 வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். இது பலருக்குப் பொலிஸ் மறிக்கும் போதுதான் ஞாபகம் வருகிறது.

ஏழாவது மிசின் ஒரு வயோதிபருடையது. முதல் உரிமையாளரே அவர்தான். 25 வயதைத் தாண்டிய மிசின். பெயின்ட் எங்கே இருந்தது என்று தேட வேண்டும். டயர் மொட்டை. ஹெண்டிலைப் பத்துத் தடவை சுற்றினால்தான் எழும்பும், எழும்பினால் நீலப் புகை. ஆனால் கியர் பெட்டி சுத்தம், தலையில் வெடிப்பில்லை, கடதாசி அவர் பெயரிலேயே உறைக்குள் மடித்து வைத்தபடி. "ரிங் போயிட்டு தம்பி, அத சொல்லித்தான் விக்கிறன்" என்றார். அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2022இல் டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதிலிருந்து பழைய இரும்பு எதற்கும் ஒரு திமிர் வந்து விட்டது. ஆகவே பேரம் பெரிதாக நடக்கவில்லை. ஒரு இலட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு முடித்தோம்.

திருத்த வேலைக்கு மருமகன் மனதில் போட்டிருந்த தொகை 75,000. நான் ஒரு இலட்சம் என்று நினைத்தேன். இருவருமே பிழை.

வேலை எங்கள் கராஜ் காக்காவின் கொட்டிலில் பதினாறு நாள் நடந்தது. மருமகனையும் கூட நிற்கச் சொன்னேன். ஒரு தடவை தன் கையால் கழற்றிப் பூட்டினால் பிறகு வயலில் சின்னக் கோளாறுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. முதல் நாள் முழுக்க மண்ணெண்ணெயில் கழுவுவதுதான் வேலை. கழற்றிய போல்ட்டுகளைப் பகுதி பகுதியாகப் பால்மா டின்களில் போட்டு எழுதி ஒட்டினான். கராஜ் காக்கா சிரித்தார், ஆனால் பூட்டும் நாளில் அந்த டின்களைத்தான் அவரும் கேட்டார்.

லைனரின் மேல்பகுதியில் நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. லைனர், பிஸ்டன், ரிங், கெஸ்கட் என்று ஒரு தொகுதியாக எடுத்தோம். புதிய லைனரை இறக்கும் போது இறப்பர் வளையத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவி நேராக இறக்க வேண்டும். இறங்கிய பிறகு அதன் விளிம்பு பிளொக்கின் மட்டத்தை விட மயிரிழை உயரமாக நிற்க வேண்டும். தாழ்ந்து போனால் கெஸ்கட் அதைப் பிடிக்காது, ஒரு மாதத்தில் தொட்டியில் குமிழி வரும். தலையை லேத்துக்குக் கொடுத்து வால்வும் இருக்கையும் அரைத்தோம். குளிர்ந்த நிலையில் உள்ளெடுக்கும் வால்வுக்கு 0.35, புகை வால்வுக்கு 0.45 மில்லிமீற்றர் இடைவெளி வைத்தோம். கண் மட்டத்தில் வைப்பவர்களும் உண்டு. அளவுத் தகடு ஒன்றின் விலை ஒரு நேரப் பிரியாணி விலைதான், வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு நாள் வீணானது சமநிலைத் தண்டுகளால். இந்த என்ஜினுக்குள் குலுக்கத்தைக் குறைக்க இரண்டு தண்டுகள் சுழல்கின்றன. அவற்றின் பல்லில் உள்ள புள்ளிகள் மற்றப் பற்சில்லுகளின் புள்ளிகளோடு சரியாகச் சேர வேண்டும். ஒரு பல் தவறியது. ஸ்டார்ட் பண்ணியதும் மிசின் கொட்டிலுக்குள் தவளை மாதிரித் துள்ளியது. திரும்பக் கழற்றிப் பூட்டினோம். கராஜ் காக்கா அன்றைய கூலியை எடுக்கவில்லை.

எயார் கிளீனரைத் திறந்தபோதுதான் லைனர் ஏன் தேய்ந்தது என்று விளங்கியது. இது அடியில் ஒயில் ஊற்றும் வகை. அதில் ஒயிலே இல்லை, காய்ந்த மண்தான் இருந்தது. புழுதி உழவில் அந்தத் தூசி முழுக்க நேரே சிலிண்டருக்குள் போயிருக்கிறது. அந்த வயோதிபர் நேர்மையான மனிதர், ஆனால் ஐந்து நிமிட வேலையைச் செய்யவில்லை.

கணக்குக்கு வருவோம். லைனர் தொகுதி 16,500. கிராங்க் பெரிங் 4,000. தலை, வால்வு, லேத் கூலி 9,000. நொசிலும் பம்ப் சரிபார்த்ததும் 7,500. பெல்ட் தொகுதி 6,000. ஒன்று அறுந்தாலும் எல்லாப் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதியது மட்டும் பாரத்தை இழுக்கும். கிளச் தட்டும் பெரிங்கும் 8,500. ஒயில் சீல், ஒயில் எல்லாம் 7,000. டயர் இரண்டு 38,000. ஸ்டியரிங் பிடிகளின் கேபிளும் சில்லறையும் 4,500. கராஜ் கூலி 25,000. லொறியில் ஏற்றி இறக்க 9,000. உரிமை மாற்றும் செலவு 6,000. மொத்தம் 1,41,000. வாங்கிய விலையோடு சேர்த்தால் 3,26,000. அவனிடம் இருந்தது மூன்று இலட்சம். மிச்சம் 26,000 நான் கைமாற்றாகக் கொடுத்தேன். உங்கள் ஊரில் விலைகள் வேறாக இருக்கும். ஆனால் பாருங்கள், இதில் பெரிய செலவு என்ஜின் சாமான் அல்ல, டயர். மிசின் பார்க்கப் போகிற எல்லாரும் என்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், டயரைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. கொண்டு வருகிற லொறிக் கூலியை நானே மறந்திருந்தேன்.

இதற்குள் சேராத ஒரு செலவு நாட்கள். ஜூலையில் வாங்கியதால் பதினாறு நாள் வேலை எங்களை வருத்தவில்லை. ஒக்டோபரில், வட்டைக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பதினாறு நாளும் உழவுக் கூலி நட்டம். விலையும் அப்போது ஏறி நிற்கும். பெரும்போகத்துக்கு மிசின் தேடுகிறவர் சிறுபோக அறுவடைக்கு முன்பே தேடத் தொடங்குவது நல்லது.

பூட்டி முடித்ததும் நேரே சேற்றுக்குள் இறக்க அவனுக்கு ஆசை. விடவில்லை. முதல் ஐம்பது மணித்தியாலம் வெறும் பெட்டி இழுப்பும் இலேசான வேலையும்தான். பிறகு ஒயிலை இறக்கினோம். புதிய சாமான் ஒன்றோடொன்று உரசிப் படிந்த இரும்புத் தூள் அதில் மினுங்கியது. அதை அவனுக்குக் காட்டத்தான் அந்த ஒயிலை வெள்ளைக் கோப்பையில் பிடித்தேன்.

ஓட்டுவது பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கைப்பிடிக்குக் கீழே உள்ள இரண்டு பிடிகளில் இடதை அழுத்தினால் இடப் பக்கச் சில்லுக்கு வலுப் போகாது, மிசின் இடப் பக்கம் திரும்பும். சமதரையில் இது சரி. ஆனால் பாரம் ஏற்றிய பெட்டியோடு இறக்கத்தில் போகும் போது எல்லாம் தலைகீழ். அங்கே என்ஜின் சில்லைத் தள்ளவில்லை, பிடித்து வைத்திருக்கிறது. இடதை அழுத்தினால் இடச் சில்லு விடுபட்டு வேகமாக உருள, மிசின் வலப் பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும் போது பழக்கமில்லாதவர்கள் பெட்டியோடு வாய்க்காலுக்குள் போவது இதனால்தான். இறக்கத்தில் சின்னக் கியரில், பிடிகளைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே திருப்பப் பழக வேண்டும். மருமகனைப் பாரமில்லாத பெட்டியோடு குளக்கட்டில் ஒரு பின்னேரம் முழுக்க ஏற்றி இறக்க விட்டேன்.

2024 பெரும்போகத்தில் அவன் இறங்கினான். உழவு முடியும் தறுவாயில் நவம்பர் வெள்ளம் வந்து எங்கள் மாவட்டத்தையே நிறுத்தி விட்டது. இருந்தும் அந்தப் போகத்துக்கு டீசல், சாப்பாடு, ஒயில் கழித்து அவனுடைய கொப்பியில் 1,12,000 நின்றது. அதன் பிறகு செங்கல், மணல், நெல் மூட்டை என்று பெட்டி இழுப்பு. என்னுடைய 26,000 ரூபாவை மூன்று தவணையில் தந்து முடித்தான். காப்புக் காசு இன்னும் முழுதாகச் சேரவில்லை. தங்கை கேட்பதுமில்லை.

இந்த முறை டித்வாவுக்கு முதல் நாள், மழை இருட்டும் போதே மிசினைப் பள்ளிவாசல் பக்கத்து மேட்டில் கொண்டு போய் நிறுத்தி விட்டு எனக்கு அழைப்பெடுத்தான். எயார் கிளீனருக்குப் பொலித்தீன் சுற்றியாயிற்று என்றான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான்.

பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. சிவப்பு வேண்டும் என்கிறான். அதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்துக்கு ஒளித்தெறி பட்டியும் ஒரு விளக்கும் போடச் சொல்லியிருக்கிறேன். மஃரிபுக்குப் பிறகு வட்டைப் பாதையில் வரும்போது பின்னால் வருகிறவன் கண்ணுக்கு அந்தப் பெட்டி தெரிவதே இல்லை. போன வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து பட்டி விலை கேட்டுப் போனான்.